டயல்-அப் மோடத்தோடு மினிகாம் புதிய பதிப்பு: பழைய அமைப்பிலிருந்து மாறுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மினிகாம் என்பது லினக்ஸில் சீரியல் போர்ட் வழியே மோடத்தோடு பேச உதவும் நிரல். பழைய மினிகாமை வைத்து மோடம் வழியே அழைத்துக்கொண்டிருந்தவர்கள் புதிய பதிப்புக்கு மாறும்போது திணறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். நேரமுத்திரை, எழுத்துக்குறி மாற்றம், ஹெக்ஸ் காட்சி, தானியங்கிப் பதிவு என்று புதிதாக வந்தவற்றையெல்லாம் முதல் நாளே இயக்கிவிடுகிறார்கள். அழைப்பு போகவில்லை என்றால் கோளாறு கேபிளிலா, மோடத்திலா, நிரலிலா என்று பிரித்துப் பார்க்க வழியே இருப்பதில்லை. அதனால் இங்கே புதிய வசதிகள் பத்தாவது பகுதியில்தான் வருகின்றன. அதுவரை உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக முடிந்தது என்று நம்பியே எழுதப்பட்டுள்ளது.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. மோடக் கட்டளைகளை எழுத்தின் ஒலிப்பாகத் தந்திருக்கிறேன். ‘ஏடிஐ’ என்று இருந்தால் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் அழுத்த வேண்டும். மினிகாமுக்கான விசைகளுக்கு முதலில் கண்ட்ரோலையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு, அப்புறம்தான் அடுத்த எழுத்தைத் தட்ட வேண்டும். மூன்றையும் ஒன்றாக அழுத்திவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பது புதியவர்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் புகார்.

1. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

வெளியே வைக்கும் சீரியல் மோடம்தான் முதல் தேர்வு. கணினிக்குள் செருகும் அட்டை மோடங்களில் பல, சிக்னல் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும் ‘வின்மோடம்’ வகை. அதற்கான டிரைவர் இல்லாமல் அது ஒரு கட்டளைக்கும் பதில் சொல்லாது. எந்த வகை என்று தெரியாத அட்டையோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேபிள் நேர்க்கேபிளாக இருக்க வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் ‘நல் மோடம்’ கேபிளும் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அதில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாற்றிக் கோக்கப்பட்டிருக்கும். அதைச் செருகினால் மோடம் விளக்கெல்லாம் எரியும், பதில் மட்டும் வராது.

கணினியில் சீரியல் போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி-சீரியல் மாற்றி போதும். ஆனால் ஒன்பது முனைக் கம்பிகளும் இணைக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அனுப்பு, பெறு, தரை என்று மூன்று கம்பி மட்டும் உள்ளவை மின்னணுப் பலகைகளுக்கு ஆனவை. மோடத்துக்குத் தேவையான கேரியர் அறிவிப்பும் (எதிர்முனையோடு இணைப்பு இருக்கிறது என்ற சிக்னல்) ஃப்ளோ கண்ட்ரோலும் (தரவோட்டத்தை நிறுத்தித் தொடரும் முறை) அவற்றில் வராது.

இவற்றோடு மோடத்தின் கையேடு, அது அச்சாக இல்லாவிட்டாலும் பிடிஎஃப் ஆகவாவது இருக்கட்டும். அடிப்படைக் கட்டளைகள் எல்லா மோடத்துக்கும் பொது. ‘&’ குறியோடு தொடங்குபவை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

கடைசியாக, ‘எல்ஆர்இசட்எஸ்இசட்’ என்ற சிறு தொகுப்பையும் மினிகாமோடு சேர்த்தே நிறுவிவிடுங்கள். எக்ஸ்மோடம், ஒய்மோடம், இசட்மோடம் என்ற கோப்புப் பரிமாற்ற முறைகள் மூன்றையும் மினிகாம் தானாகச் செய்வதில்லை. இந்தத் தொகுப்பில் உள்ள நிரல்களைத்தான் அழைக்கிறது. இது இல்லாததைக் கோப்பு வரத் தொடங்கும் நேரத்தில் கண்டுபிடிப்பது எரிச்சலான அனுபவம்.

2. பழைய அமைப்பை நகலெடுத்து வைத்தல்

புதிய பதிப்பைத் திறப்பதற்கு முன்பே பழைய அமைப்புக் கோப்பையும் டயல் பட்டியலையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். இரண்டும் உங்கள் ஹோம் அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்து இருக்கும். கணினி முழுமைக்குமான அமைப்பு தனியே கணினியின் அமைப்பு அடைவில் இருக்கும்.

நகல் எதற்கு என்றால், மினிகாம் எல்லா மதிப்பையும் கோப்பில் எழுதுவதில்லை. நீங்கள் மாற்றியவற்றை மட்டுமே எழுதுகிறது. மற்றவை நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்புகள். நிரல் மாறும்போது அந்த இயல்பு மதிப்பும் மாறியிருக்கலாம். ‘அதே கோப்பைத்தானே வைத்தேன், ஏன் வேகம் வேறாக இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

அதனால் முடிந்தால் பழைய பதிப்பிலேயே அமைப்புத் திரைகளைத் திறந்து, சீரியல் போர்ட் பக்கத்தையும் மோடம்-டயல் பக்கத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பைவிட இந்தத் தாள்தான் பிறகு உதவும்.

3. போர்ட்டைக் கண்டுபிடித்து அனுமதி பெறுதல்

உள்ளமைந்த முதல் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்எஸ்0. யுஎஸ்பி மாற்றி என்றால் டிடிஒய்யுஎஸ்பி0. பொது யுஎஸ்பி மோடம் தரத்தைப் பின்பற்றும் மோடத்தை நேரடியாக யுஎஸ்பியில் செருகினால் டிடிஒய்ஏசிஎம்0. இதில் குழப்பம் வந்தால் மோடத்தைப் பிடுங்கி மறுபடி செருகி, கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) பதிவின் கடைசி வரிகளைப் பாருங்கள். பெயர் அங்கேயே இருக்கும்.

அடுத்து அனுமதி. டெபியன், உபுண்டு வகைகளில் உங்கள் பயனர் ‘டயல்-அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் ‘யுயுசிபி’. குழுவில் சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது நடப்புக்கு வரும். இதை மறந்துவிட்டு ‘சேர்த்தும் அனுமதி மறுக்கிறதே’ என்று ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இயக்கத் தொடங்குபவர்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள். ரூட்டாக இயக்கினால் பதிவுக் கோப்புகளும் இறக்கிய கோப்புகளும் ரூட் பெயரில் உருவாகி, நாளை உங்களாலேயே அவற்றைத் திருத்த முடியாமல் போகும்.

மூன்றாவதாக, ‘மோடம்மேனேஜர்’ என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். புதிதாக ஒரு சீரியல் கருவி தென்பட்டால் இது மொபைல் மோடமாக இருக்குமோ என்று தானே கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கும். நீங்கள் தட்டாத எழுத்துகள் திரையில் வந்தாலோ, செருகிய சில வினாடிகளுக்குப் போர்ட் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றாலோ இதைச் சந்தேகியுங்கள். மொபைல் டேட்டா மோடம் வேறு எதுவும் இல்லாத கணினியில் இதை நிறுத்திவிடுவதே நல்லது.

4. மோடத்தோடு கையால் பேசிப் பார்த்தல்

மினிகாமை அமைப்பு முறையில் திறக்க, பெயருக்குப் பின் ஒரு சிறுகோடும் சிறிய ‘எஸ்’ எழுத்தும் சேர்த்து இயக்குங்கள். சீரியல் போர்ட் பக்கத்தில் கருவியின் பெயரை மட்டும் மாற்றுங்கள். வேறெதையும் தொடாமல் திரையை விட்டு வெளியே வாருங்கள். மினிகாம் தன் தொடக்க வரியை அனுப்பும். அது முடிந்ததும் ‘ஏடி’ என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். ‘ஓகே’ வர வேண்டும்.

இரண்டு எழுத்தும் பெரியதாகவோ, இரண்டும் சிறியதாகவோ இருக்கட்டும். முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது என்று கலந்து தட்டினால் பல மோடங்கள் பேசாமல் இருந்துவிடும். அந்த இரண்டு எழுத்துகளின் பிட் வடிவத்தை வைத்துத்தான் கணினி என்ன வேகத்தில் பேசுகிறது என்று மோடம் கணிக்கிறது. கலந்து தட்டினால் அந்தக் கணிப்பு நடக்காது.

பதில் வராவிட்டால் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்:

தட்டியதும் தெரியவில்லை, பதிலும் இல்லை என்றால் போர்ட் பெயரோ கேபிளோ தவறு. தட்டியது தெரிகிறது, பதில் மட்டும் இல்லை என்றால் மோடத்தில் பதில் சொல்லும் வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். ‘ஏடிக்யூ0’ என்று தட்டிப் பாருங்கள். பதிலாக வெறும் ‘0’ வந்தால் மோடம் சொல்லுக்குப் பதில் எண்ணால் பேசுகிறது, ‘ஏடிவி1’ அதைச் சரிசெய்யும். எழுத்துகள் இரட்டிப்பாகத் தெரிந்தால் மினிகாமும் மோடமும் இரண்டுமே எதிரொலிக்கின்றன. கண்ட்ரோல்-ஏ, பிறகு ‘இ’ அழுத்தினால் மினிகாமின் எதிரொலி நிற்கும். கிறுக்கலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை.

‘ஓகே’ வந்த பிறகு ‘ஏடிஐ3’, ‘ஏடிஐ4’ என்று தட்டிப் பாருங்கள். மோடத்தின் பெயர், உள்நிரல் பதிப்பு போன்றவை எண்ணுக்கு ஒன்றாக வரும். ‘ஏடி&வி’ தட்டினால் பல மோடங்களில் நடப்பு அமைப்பு முழுதும் வரும். அதை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டிவைத்துவிடுங்கள்.

5. வேகமும் ஃப்ளோ கண்ட்ரோலும்

இந்தப் பகுதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

மோடம் விஷயத்தில் வேகம் என்பது இரண்டு. கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம் ஒன்று, மோடத்துக்கும் எதிர்முனை மோடத்துக்கும் இடையில் தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் மற்றொன்று. மினிகாமில் நீங்கள் வைப்பது முதலாவதை. இரண்டாவதை மோடங்கள் இரண்டும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கின்றன. 33,600 மோடம் என்பதற்காக மினிகாமிலும் 33,600 என்ற மதிப்பைத் தேடுவது தவறு.

முதலாவது வேகம் எப்போதும் இரண்டாவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். மோடங்கள் வி.42பிஸ் முறையில் தரவைச் சுருக்கி அனுப்புகின்றன. வெறும் உரை என்றால் நான்கு மடங்கு வரைகூடச் சுருங்கும். கம்பியில் 14,400 ஓடினால், விரித்த பிறகு 57,600 வரை வரலாம். கணினிப் பக்கம் அதற்கு வழிவிட வேண்டும். 14,400 மோடத்துக்கு 57,600, வி.34 மோடத்துக்கும் (33,600 வரை போகும் தரம்) அதற்கு மேற்பட்டதற்கும் 115,200 என்று வையுங்கள். பிட் அமைப்பு 8, பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, நிறுத்த பிட் 1.

இரண்டு வேகமும் வேறு என்றானதும் ஃப்ளோ கண்ட்ரோல் கட்டாயமாகிறது. கணினி 115,200-இல் கொட்ட, மோடம் 33,600-இல் அனுப்பினால் மோடத்தின் நினைவகம் நிரம்பி வழியும். ‘கொஞ்சம் நிறுத்து’ என்று மோடம் சொல்ல ஒரு வழி வேண்டும். ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற இரண்டு கம்பிகள் அதற்குத்தான். மினிகாமின் சீரியல் போர்ட் பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல்’ ‘யெஸ்’ என்று இருக்க வேண்டும், ‘சாஃப்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல்’ ‘நோ’ என்று இருக்க வேண்டும்.

இணையத்தில் மினிகாம் பற்றிய குறிப்புகளில் பாதிக்கு மேல் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலை ‘நோ’ ஆக்கச் சொல்லும். அவை மூன்று கம்பியில் பேசும் ரௌட்டர்களுக்கும் மின்னணுப் பலகைகளுக்கும் எழுதப்பட்டவை, அங்கே அது சரி. அதைப் படித்துவிட்டு மோடத்துக்கும் அப்படியே செய்தால் உரை நன்றாக வரும், பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் பிழைமேல் பிழையாக வரும். மோடம் பழுது என்று முடிவுகட்டப்படும் கதைகளில் கணிசமானவை இந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

சாஃப்ட்வேர் முறை ஏன் கூடாது? அது நிறுத்தவும் தொடரவும் தரவுக்குள்ளேயே இரண்டு கட்டுப்பாட்டு எழுத்துகளை அனுப்புகிறது: கண்ட்ரோல்-எஸ், கண்ட்ரோல்-க்யூ. படம், சுருக்கிய கோப்பு போன்றவற்றில் இதே மதிப்புள்ள பைட்டுகள் இயல்பாகவே இருக்கும். அவற்றைக் கட்டளை என்று எண்ணி வழியிலேயே விழுங்கிவிடும்.

மினிகாம் பக்கம் வைத்தது பாதிதான். மோடத்துக்கும் சொல்ல வேண்டும். ராக்வெல் சில்லு உள்ளவற்றில் ‘ஏடி&கே3’. யுஎஸ் ரோபோடிக்ஸ் மோடங்களில் ‘ஏடி&எச்1&ஆர்2’. ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் விட்டால் வைக்காததற்குச் சமம்.

6. தொடக்க வரியை எழுதுதல்

தொடக்க வரி என்பது மினிகாம் திறந்தவுடன் மோடத்துக்கு அனுப்பும் கட்டளைத் தொகுப்பு. பலரும் இங்கே ‘ஏடிஇசட்’ மட்டும் வைக்கிறார்கள். அது மோடத்துக்குள் யாரோ எப்போதோ சேமித்துவைத்த அமைப்பை எடுத்துவரும். கைமாறி வந்த மோடம் என்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

என் பரிந்துரை: தொழிற்சாலை அமைப்பான ‘ஏடி&எஃப்’-இல் தொடங்கி, வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். யுஎஸ் ரோபோடிக்ஸில் மட்டும் ‘&எஃப்1’ என்று வையுங்கள், அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் சேர்ந்தே வரும். வெறும் ‘&எஃப்’ அங்கே ஃப்ளோ கண்ட்ரோலை அணைத்துவிடும்.

அதன் பின் சேர்க்க வேண்டியவை. ‘இ1க்யூ0வி1’ எதிரொலிக்கும் சொற்பதிலுக்கும். ‘எக்ஸ்4’ டயல் டோனையும் பிஸி ஒலியையும் கண்டறிய. ‘எஸ்0=0’ வரும் அழைப்பை மோடம் தானே எடுக்காமலிருக்க.

‘&சி1’ தவறாமல் வேண்டும். எதிர்முனையோடு இணைப்பு இருக்கும்போது மட்டும் கேரியர் கம்பியை உயர்த்து என்பது இதன் பொருள். இது ‘&சி0’ என்று இருந்தால் மினிகாம் எப்போதும் இணைப்பில் இருப்பதாகவே எண்ணும். டயல் பட்டியலைத் திறந்தால் ஏற்கெனவே இணைப்பில் இருக்கிறீர்கள், முதலில் துண்டியுங்கள் என்று சொல்லி அழைக்கவே மறுக்கும். இதற்கு ஜோடியாக, ‘&’ குறிக்குப் பின் டயல் என்ற சொல்லின் முதலெழுத்தும் 2-உம் சேர்ந்த கட்டளை. டிடிஆர் கம்பி (கணினி தயார் என்று மோடத்துக்குச் சொல்வது) இறங்கினால் அழைப்பைத் துண்டிக்கச் சொல்வது இது. நிரல் எதிர்பாராமல் மூடிக்கொண்டால்கூடத் தொலைபேசி இணைப்பு ஓடிக்கொண்டே இருந்து கட்டணம் ஏறாமல் காப்பது இதுதான்.

வரி நீண்டால் இரண்டாக உடையுங்கள். மிகப் பழைய மோடங்கள் ஒரு கட்டளை வரியில் 40 எழுத்துகளுக்கு மேல் ஏற்பதில்லை. மினிகாமில் ‘^’ குறியும் ‘எம்’ எழுத்தும் சேர்ந்தால் எண்டர். ‘~’ குறி சற்று நின்று தொடரச் சொல்வது. இரண்டு கட்டளைகளுக்கு நடுவே ‘~’ வையுங்கள். முதல் கட்டளைக்கு ‘ஓகே’ வருவதற்குள் இரண்டாவது போனால் மோடம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும்.

எழுதிய வரியை மினிகாமில் போடும் முன் கையால் தட்டிப் பாருங்கள். ‘எர்ரர்’ வந்தால் வரியைப் பாதி பாதியாகத் தட்டி எந்தத் துண்டு என்று பிடித்துவிடலாம்.

7. முதல் அழைப்பு, கையால்

டயல் பட்டியலுக்குப் போகும் முன் ஒரே ஒரு முறை கையால் டயல் செய்யுங்கள். ‘ஏடி’, அடுத்து டயலின் முதலெழுத்து, அடுத்து டோனின் முதலெழுத்து, அடுத்து எண். இடையில் கமா வைத்தால் இயல்பாக 2 வினாடி நிற்கும். அலுவலக இணைப்பகத்தின் வழியே வெளிக்கோடு எடுக்கும்போது தேவைப்படும்.

டயல் ஆனதும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். மோடங்கள் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்போது எந்த விசையைத் தட்டினாலும் அழைப்பை ரத்துசெய்யச் சொன்னதாகவே மோடம் எடுத்துக்கொள்ளும். ‘இன்னும் வரவில்லையே’ என்று எண்டரைத் தட்டி, ‘நோ கேரியர்’ வாங்கி, மறுபடி டயல் செய்து, மறுபடி எண்டரைத் தட்டுபவர்களை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. வி.34 மோடங்கள் பேசி முடிக்க அரை நிமிடம்கூட ஆகலாம்.

வரும் பதிலை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம்.

‘நோ டயல்டோன்’: கம்பி தவறான துளையில் இருக்கலாம், மோடத்தின் பின்னால் சுவருக்கானது ஒன்று, தொலைபேசிக்கானது ஒன்று. கம்பி சரியென்றால் இணைப்பகத்தின் டோன் ஒலியை மோடம் அடையாளம் காணவில்லை. ‘எக்ஸ்4’-ஐ ‘எக்ஸ்3’ ஆக்குங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், பிஸியை மட்டும் கவனிக்கும்.

‘பிஸி’ என்றால் பிஸிதான்.

‘நோ கேரியர்’: எதிர்முனையில் எடுத்தது மோடம் இல்லை, அல்லது காத்திருக்கும் நேரம் போதவில்லை. ‘எஸ்7’ பதிவேட்டில் காத்திருக்கும் வினாடிகள் உள்ளன. 60 அல்லது 90 வையுங்கள். மினிகாமின் தொடக்க வரியிலேயே ‘எஸ்7=45’ இருக்கக்கூடும், டயல் நேரம் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். இரண்டையும் சேர்த்து உயர்த்துங்கள்.

‘கனெக்ட்’ என்பதோடு வரும் எண் எந்த வேகம் என்பது மோடத்தைப் பொறுத்தது. 115,200 என்று வந்தால் குதிக்க வேண்டாம், அது கணினிப் பக்க வேகம். ராக்வெல் வகையில் ‘டபிள்யூ2’ சேர்த்தால் கம்பி வேகத்தைக் காட்டும். 56கே மோடம் வைத்திருந்தும் 33,600-ஐத் தாண்டவில்லை என்பதும் பழுதல்ல. 56கே தரமான வி.90-இன் வேகம் எதிர்முனை டிஜிட்டல் இணைப்பில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். இரண்டு சாதாரண மோடங்களுக்கு இடையே 33,600-தான் உச்சம்.

உங்கள் தொலைபேசி இணையம் வழியே வருவது என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மனிதக் குரலுக்காகச் சுருக்கும் ஜி.729 போன்ற முறையில் மோடம் ஒலி பிழைக்காது. குரலை அவ்வளவு சுருக்காத ஜி.711 என்றால் வாய்ப்பு உண்டு, அப்போதும் வேகத்தை 9,600-க்கு மட்டுப்படுத்துவது நிலையானது. அதற்கான கட்டளை ‘+எம்எஸ்’. அதன் வடிவத்தைக் கையேட்டில் பாருங்கள்.

8. டயல் பட்டியல்

கையால் இணைந்த பிறகு பட்டியலுக்கு வாருங்கள். கண்ட்ரோல்-ஏ, பிறகு டயலின் முதலெழுத்து. ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், எண், பயனர் பெயர், கடவுச்சொல், ஸ்கிரிப்ட், டெர்மினல் வகை, எழுத்துக்குறி மாற்ற அட்டவணை என்று தனித்தனியாக வைக்கலாம். பழைய பட்டியலைக் கொண்டுவந்திருந்தால் ஒவ்வொரு பதிவையும் திறந்து புலங்கள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லை இங்கே வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. அது குறியாக்கம் செய்யப்படுவதில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் கோப்பை வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை இறுக்குங்கள்.

9. கோப்பு அனுப்புதலும் பெறுதலும்

இருபக்கமும் இசட்மோடம் இருந்தால் அதையே எடுங்கள். பெயர், அளவு எல்லாம் கோப்போடு போகும், ஒவ்வொரு துண்டுக்கும் பதிலுக்காகக் காத்திராது, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். எதிர்முனை அனுப்பத் தொடங்கியதும் மினிகாம் தானாகவே பெறத் தொடங்கும். திரையில் இரண்டு நட்சத்திரக் குறியும் நீளமாகப் பூஜ்யங்களும் வந்து நின்றுவிட்டால், முதல் பகுதியில் சொன்ன தொகுப்பு இல்லை என்று பொருள்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது இயல்பாக இயக்கத்தில் இருக்காது. கோப்புப் பரிமாற்ற முறைகள் பக்கத்தில் இசட்மோடம் கட்டளை வரியில் ‘-ஆர்’ என்று சிறிய எழுத்தில் சேருங்கள். கோடு அடிக்கடி அறுந்தால் இந்த இரண்டு குறிகள் நிறையக் காசை மிச்சப்படுத்தும்.

இறக்கும் அடைவையும் ‘கோப்புப் பெயர்களும் பாதைகளும்’ பக்கத்தில் முன்பே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வந்த கோப்பைத் தேடி அலைய வேண்டும்.

எக்ஸ்மோடம் மட்டுமே உள்ள பழைய கருவிகளில் ஒரு விஷயம். அது 128 பைட்டுத் துண்டுகளாக அனுப்புகிறது, கடைசித் துண்டு நிறையாவிட்டால் வெறும் நிரப்பு பைட்டுகளைச் சேர்த்து அனுப்பும். 1,000 பைட்டுக் கோப்பு மறுபக்கம் 1,024 ஆக இறங்கும். உரைக்குப் பரவாயில்லை. அளவையோ செக்சம்மையோ (கோப்பைச் சரிபார்க்கும் எண்) ஒப்பிட்டால் பொருந்தாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட: தொடக்க பிட், நிறுத்த பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். 33,600 இணைப்பில் வினாடிக்கு 3,360 பைட். ஒரு மெகாபைட்டுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். வி.42 பிழைதிருத்தம் ஓடினால் அந்த இரண்டு பிட்களும் கம்பியில் போகாது என்பதால் இதைவிடக் கொஞ்சம் வேகமாகவே முடியும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மோடம் மேலும் சுருக்காது. அதனால் அதன் வேகத்தை உரையின் வேகத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பாதியில் இணைப்பு அறுந்தால், தொலைபேசியில் ‘கால் வெயிட்டிங்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு பீப் ஒலியே கேரியரைக் கலைத்துவிடும். அதை அணைக்க முடியாவிட்டால் ‘எஸ்10’ பதிவேட்டை உயர்த்துங்கள். கேரியர் தொலைந்த பின் எவ்வளவு நேரம் பொறுத்துத் துண்டிக்க வேண்டும் என்பதைப் பத்தில் ஒரு வினாடிக் கணக்கில் அது வைத்திருக்கிறது. 50 என்றால் 5 வினாடி.

10. இப்போது புதிய வசதிகள்

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் இயக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு அழைப்பு செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதிர்முனை எழுத்துக்குறி முறை: பழைய அறிவிப்புப் பலகைகள் (டயல் செய்து நுழையும் பிபிஎஸ் கணினிகள்) கோட் பேஜ் 437 என்ற பழைய எழுத்துக்குறி முறையில் கட்டங்களும் கோடுகளும் வரைந்திருக்கும். இன்றைய டெர்மினல் சாளரம் பயன்படுத்தும் முறை யுடிஎஃப்-8. அதனால் சட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரும். மினிகாமைத் திறக்கும்போது பெரிய ‘ஆர்’ எழுத்து விருப்பத்தோடு ‘சிபி437’ என்று கொடுத்தால் அதுவே மாற்றிக் காட்டும். சாளரத்தின் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

சாளர அளவும் இதோடு சேர்ந்தது. எதிர்முனை 25 வரி என்று நினைத்து வரையும், மினிகாமின் நிலைவரி ஒன்றை எடுத்துக்கொள்ளும். சாளரத்தை 26 வரியாக வைத்துவிட்டுப் பிறகு மினிகாமைத் திறங்கள்.

நேரமுத்திரை: கண்ட்ரோல்-ஏ, ‘என்’. ஒவ்வொரு வரிக்கும் முன் நேரம் வரும். மறுமுறை அழுத்தினால் வேறு வடிவம். எதிர்முனை எங்கே தாமதிக்கிறது என்று பார்க்க இது அருமையானது. வண்ணத் திரை வரையும் இடத்தில் இயக்கினால் திரை சிதைந்துவிடும், அங்கே அணைத்துவிடுங்கள்.

பின்னோக்கிப் பார்த்தல்: கண்ட்ரோல்-ஏ, ‘பேக்’ என்பதன் முதலெழுத்து. உள்ளே ‘எஸ்’ அழுத்தித் தேடலாம். சிறிய எஸ் என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும், பெரிய எஸ் என்றால் பார்க்காது. எத்தனை வரி நினைவில் வைப்பது என்பது திரை-விசைப்பலகைப் பக்கத்தில் உள்ளது. 5,000 வரை போகலாம்.

பதிவு: கண்ட்ரோல்-ஏ, ‘எல்’. திரைக்கு வருவது கோப்பிலும் எழுதப்படும். முக்கியமான அழைப்புக்கு நம்புவதற்கு முன் ஒரு நிமிடப் பதிவெடுத்துத் திறந்து பாருங்கள்.

ஹெக்ஸ் காட்சி: பெரிய ‘எச்’ விருப்பத்தோடு திறந்தால் ஒவ்வொரு பைட்டும் எண்ணாகத் தெரியும். தினசரி பயன்பாட்டுக்கு இது வேண்டாம். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ படிக்கட்டாக இறங்கினாலோ, எதிர்முனை எந்த வரிமுடிவை அனுப்புகிறது என்று பார்க்க ஒருமுறை திறந்தால் போதும். 0டி (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்பது) மட்டும் வந்தால் கண்ட்ரோல்-ஏ, ‘ஏ’. 0ஏ (அடுத்த வரிக்கு இறங்கு என்பது) மட்டும் வந்தால் கண்ட்ரோல்-ஏ, ‘யு’.

11. ஸ்கிரிப்ட்

உள்நுழைவைத் தானாகச் செய்யும் ஸ்கிரிப்டில் இரண்டே கட்டளைகள் முக்கியம்: எதிர்பார்த்துக் காத்திருப்பது, அனுப்புவது. எதிர்பார்க்கும் சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற சிக்கல் போகும், தொடக்கத்தில் இரைச்சலில் ஓர் எழுத்து கெட்டாலும் தப்பிக்கலாம்.

அனுப்பும் கட்டளை கடைசியில் எண்டரைத் தானே சேர்க்கும். நீங்களும் ஒன்று சேர்த்தால் அந்த இரண்டாவது எண்டர் வெற்றுக் கடவுச்சொல்லாகப் போய், ‘தவறான கடவுச்சொல்’ என்று திரும்பிவரும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் நேர வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்முனை மௌனமானதும் ஸ்கிரிப்ட் நெடுநேரம் கோட்டைப் பிடித்தபடி நிற்கும்.

12. அழைப்பை முடித்தல்

எதிர்முனையில் முறையாக வெளியேறுங்கள், அது துண்டிக்கட்டும். துண்டிக்காவிட்டால் கண்ட்ரோல்-ஏ, ‘எச்’. அதற்கும் அசையாத மோடத்துக்கு ஒரு வினாடி எதையும் தட்டாமல் இருந்து, மூன்று ‘+’ குறிகளை விரைவாகத் தட்டி, எண்டர் அழுத்தாமல் இன்னொரு வினாடி பொறுங்கள். ‘ஓகே’ வந்ததும் ‘ஏடிஎச்0’. எண்டர் தட்டினால் அந்த அமைதி கலைந்து மூன்று குறிகளும் சாதாரணத் தரவாக எதிர்முனைக்குப் போய்விடும்.

மினிகாமை மூட இரண்டு வழி உண்டு. கண்ட்ரோல்-ஏ, ‘எக்ஸ்’ மோடத்தை மீட்டமைத்துவிட்டு வெளியேறும். கண்ட்ரோல்-ஏ, ‘க்யூ’ மோடத்தைத் தொடாமல் வெளியேறும். வழக்கமான நாளில் ‘எக்ஸ்’. இணைப்பை விட்டுவைத்து வேறொரு நிரலிடம் போர்ட்டை ஒப்படைக்கும்போது மட்டும் ‘க்யூ’. அப்போது டிடிஆர் இறங்கினால் துண்டிக்கும் கட்டளையை முன்கூட்டியே 0 ஆக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மினிகாம் மூடும் நொடியில் கோடும் போய்விடும்.